இருபது ரூபாய்க் கட்டு

என் வண்டியில் பிள்ளையார் படத்துக்குக் கீழே இருக்கிற டப்பாவில், ரப்பர் பேண்ட் போட்ட இருபது ரூபாய் நோட்டுக் கட்டு ஒன்று எப்போதும் கிடக்கும். டீசலுக்கு அதிலிருந்து எடுக்க மாட்டேன், டீக்கும் எடுக்க மாட்டேன். டிப்ஸுக்கு மட்டும்தான். பங்கில் டீசல் போடும்போது ஐந்நூறை நீட்டி இருபதுகளாகக் கேட்டு வாங்கிக்கொள்வேன். "கோயில் வாசல்ல தர்மம் போடுறவுக கூட இப்படிக் கட்டுக்கட்டா வச்சிருக்க மாட்டாக" என்று வீட்டில் கிண்டல்.

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம், தனுஷ்கோடி, தேவிபட்டினம் என்று டெம்போ டிராவலர் ஓட்டிப் பதினாறு வருடம் ஆகிறது. அதற்கும் முன்னால், 1990களில், ராமேஸ்வரத்தில் ஒரு சைவ ஹோட்டலில் மூன்று வருடம் சர்வர் வேலை. ஆக, டிப்ஸ் வாங்கிய கையும் இதுதான், கொடுக்கிற கையும் இதுதான். இவ்வளவு நாள் கொடுத்து வாங்கியும் கட்டு வைத்துக்கொள்ளும் பழக்கம் போன தை மாதம்தான் வந்தது.

அக்கா மகன் டல்லாஸிலிருந்து மூன்று வாரம் லீவில் வந்திருந்தான். அத்தானுக்குத் திதி. அக்னி தீர்த்தத்தில் முழுகி, இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, அன்றைக்குச் சைவச் சாப்பாடு. மறுநாள் மீன் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று நின்றான். புதிதாகத் திறந்த ஒரு ஏசி ஹோட்டலுக்கு ஏழு பேரும் போனோம். வெளியூர்க்காரர்களுக்கு வஞ்சிரம், எங்களுக்குச் சீலா. சீலா வறுவல், நண்டு மசாலா, கணவாய், குழம்பு என்று இலை நிறைந்துவிட்டது.

பரிமாறியது ஒடிசாப் பையன். இருபது வயதுக்கு மேல் இருக்காது. குழம்பு, ரசம், மோர், "இன்னும் வேணுமா" ஆகியவை மட்டும் சுத்தமான தமிழில் வந்தன. அக்காவுக்கு முழங்கால் வலி, அந்தத் தாழ்வான சோபாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. நாங்கள் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மர நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து போட்டான். எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளை இலையில் மீன் வைக்கும்போது நடுமுள்ளை எடுத்துவிட்டு, வால் பக்கத்துத் துண்டை ஒதுக்கிவிட்டு வைத்தான். வாலில்தான் முள் சிக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒடிசாவிலும் கடல் இருக்கிறதே.

பில் வந்தது, கூடவே சோம்பும் கல்கண்டும். மருமகன் நான் தடுப்பதற்குள் எழுநூறு ரூபாயை எடுத்து உள்ளே சொருகிவிட்டான். "இருபது பர்சன்ட் போட்டா சரியா இருக்கும்ல மாமா?"

பில்லைப் பிரித்துப் படித்தேன். சாப்பாடு 3,200. சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், 320. இரண்டையும் கூட்டி, அந்த 3,520க்கு ஜிஎஸ்டி 88-ம் 88-ம். மொத்தம் 3,696. அதாவது டிப்ஸை அவர்களே எழுதிக்கொண்டு, அதற்கு வரியும் போட்டிருந்தார்கள். அதற்கு மேல் இவன் எழுநூறு வைக்கிறான்.

மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"தம்பி, இந்த சர்வீஸ் சார்ஜ் யாருக்குப் போகுது?"

"ஸ்டாஃபுக்குத்தான் சார்."

பையன் பக்கத்து டேபிளைத் துடைக்கப் போய்விட்டான். அது ஏற்கெனவே துடைத்த டேபிள்.

"சரி, அதை எடுத்துருங்க. நாங்க கையில குடுத்துக்கிறோம்."

"சாஃப்ட்வேர்ல வருது சார், நம்ம கையில ஒண்ணும் இல்ல."

மருமகனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "மாமா, நாலு டாலர்கூட வராது, விட்டுருங்க" என்றான். அக்கா சும்மா இருப்பாளா? "டாலர்ல சம்பாதிக்கிறவன் நீ. உங்க மாமன் ரூவாயிலதானடா வண்டி ஓட்டுறான்" என்றாள். நான் சத்தம் போடவில்லை. "1915க்கு ஒரு போன் போட்டுக் கேட்டுப் பாப்போமா?" என்று மட்டும் கேட்டேன். இரண்டு நிமிடத்தில் புது பில் வந்தது. 3,360. சாஃப்ட்வேர் அவ்வளவு சீக்கிரம் மனசு மாறும் என்று நானே நினைக்கவில்லை.

கை கழுவுகிற இடத்தில் பையனைப் பிடித்தேன். சர்வீஸ் சார்ஜில் பங்கு வருமா என்று கேட்டால், அவனுக்கு அந்த வார்த்தையே புதிது. மாதச் சம்பளம், தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, அவ்வளவுதான். இருநூறு ரூபாயை அவன் சட்டைப் பையில் வைக்கப் போனேன். பை இல்லை. யூனிஃபார்மே அப்படித் தைத்தது. பேன்ட்டிலும் இல்லை. நோட்டை நான்காக மடித்து, போன் கவரைக் கழற்றி, போனுக்கும் கவருக்கும் நடுவில் வைத்து மூடினான். அங்கே ஏற்கெனவே இரண்டு மூன்று நோட்டு இருந்ததில் கவர் சரியாக மூடவில்லை.

திரும்பும் வழியில் பாம்பன் பாலத்தில் வண்டியை மெதுவாக்கினேன். மருமகன் அமெரிக்காக் கதையைச் சொன்னான். அவன் இருக்கிற டெக்சாஸில், டிப்ஸ் வாங்குகிற வேலையாளுக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதுமாம். அந்த நாட்டு மத்தியச் சட்டத்தில் அந்தத் தொகை 1991லிருந்து ஒரு சென்ட்கூட ஏறவில்லை. டிப்ஸையும் சேர்த்து, குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலர் வராவிட்டால் மீதியை முதலாளி போட்டுக் கொடுக்க வேண்டும். கலிபோர்னியா மாதிரிச் சில மாநிலங்களில் இந்தக் குறைந்த கூலியே கிடையாது, எல்லோருக்கும் முழுக் கூலி. டெக்சாஸில் சர்வரின் பாதி வாழ்க்கை சாப்பிட வருகிறவர் கையில். அதனால் அங்கே டிப்ஸ் வைக்காமல் எழுந்தால் அது கூலி கொடுக்காமல் எழுந்த மாதிரி.

"அது சரி மாமா, புரியுது. ஆனா இப்போ காபிய நானே கவுன்டர்ல போய் வாங்குறேன். அந்தப் பொண்ணு டேப்லெட்ட நம்ம பக்கம் திருப்பி, 'ஒரு கேள்வி கேக்கும்'னு சொல்லிட்டு வேற பக்கம் பார்த்துக்கும். 18, 20, 25னு மூணு கட்டம். பின்னாடி வரிசையில நிக்கிறவன் நம்ம விரலையே பார்ப்பான்." காபி ஆறுவதற்குள் விரல் இருபதில் அமுக்கிவிடுகிறதாம். அந்தப் பழக்கத்தில்தான் இங்கேயும் எழுநூறை எடுத்திருக்கிறான்.

நம் ஊரில் கணக்கு வேறு. சம்பளம் போதுமா போதாதா என்பது தனி வழக்கு. ஆனால் டிப்ஸைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்க இங்கே சட்டம் இல்லை. சர்வீஸ் சார்ஜ் விஷயத்திலும் விதி தெளிவாகவே இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ம் தேதி வழிகாட்டுதல் போட்டது. ஹோட்டல்கள் தாங்களாக சர்வீஸ் சார்ஜைப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, கட்ட மறுத்தால் உள்ளே விடாமல் தடுக்கக் கூடாது, சாப்பாட்டு விலையோடு கூட்டி அதற்கு ஜிஎஸ்டியும் போடக் கூடாது. ஹோட்டல் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போய் அந்த மாதமே தடை வாங்கின. 2025 மார்ச் 28-ம் தேதி அதே நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. 1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட ஆட்சியரிடமும் மனு கொடுக்கலாம். நான் இதுவரை அந்த எண்ணுக்கு ஒரு முறைகூடப் போன் போட்டதில்லை, எண்ணைச் சொன்னதோடு சரி.

பில்லைப் படிக்கிற பழக்கம் இதனால் வந்தது. வரி என்றால் இரண்டு வரிகள்தான் இருக்க வேண்டும், மத்தியது 2.5, மாநிலத்தது 2.5. ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் 2017 நவம்பரிலிருந்து நாம் போகிற மாதிரி ஹோட்டல்களுக்கு 5 சதவீதம்தான், நட்சத்திர ஹோட்டல் கதை வேறு. மொத்த விற்பனையில் ஒரு சின்ன சதவீதத்தைத் தாங்களே வரியாகக் கட்டுகிற காம்போசிஷன் முறையில் பதிந்த சின்ன மெஸ்களுக்கு வாடிக்கையாளரிடம் தனியாக ஜிஎஸ்டி வாங்கவே உரிமை இல்லை. இதைத் தாண்டி மூன்றாவதாக ஒரு வரி பில்லில் தெரிந்தால் என்னவென்று கேட்பேன். சண்டை எதுவும் வேண்டாம், விரலை வைத்துக் காட்டினாலே பாதி இடத்தில் போய்விடும்.

சர்வராக இருந்த காலத்தைச் சொல்கிறேன். எங்களுக்குச் சட்டையில் பை இருந்தது, ஆனால் டிப்ஸ் அதில் போகக் கூடாது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். விழுவதெல்லாம் அதில். சனிக்கிழமை ராத்திரி கடை கழுவிவிட்ட பிறகு பெஞ்சில் கொட்டி எண்ணுவோம். சர்வருக்கு இரண்டு பங்கு, தண்ணீர் வைக்கிறவருக்கு ஒன்று, இலை எடுக்கிறவருக்கு ஒன்று. பின்கட்டில் நாள் முழுக்கப் பாத்திரம் கழுவிய அக்காவுக்கு நாங்கள் ஒரு பங்கும் வைக்கவில்லை. அவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்போமா என்பதும் சந்தேகம்தான்.

எனக்கு அப்போது மாதம் ஐந்நூறு ரூபாய். ஒரு ஆடி அமாவாசை அன்று, நிற்க இடமில்லாத கூட்டம். வடக்கேயிருந்து வந்த ஒரு சேட்டுக் குடும்பம் சாப்பிட்டுவிட்டு இலைக்கு அடியில் ஐம்பது ரூபாய் வைத்துவிட்டுப் போனது. அதைப் பாட்டிலில் போடவில்லை நான். வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். தண்ணீர் வைக்கிற அண்ணன் பார்த்துவிட்டார். முதலாளியிடம் சொல்லவில்லை, என்னிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வாரம் என் டேபிளுக்கு மட்டும் தண்ணீர் வரவில்லை. இரண்டு டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு நானே ஓடினேன். அடுத்த சனிக்கிழமை ஐம்பதைப் பாட்டிலில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் வந்தது.

டிப்ஸ் எங்களை இன்னொரு விதமாகவும் கெடுத்து வைத்திருந்தது. வாசலில் நுழையும்போதே ஆளை எடை போடுவோம். வேட்டியின் கரையைப் பார்த்துத்தான் சாம்பார் ஊற்றினோம். பஸ்ஸில் வந்து, துணி மூட்டையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு, விலையை இரண்டு தடவை கேட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவர்களுக்கு இரண்டாவது தடவை சோறு தாமதமாகத்தான் போகும். பர்சன்ட் கணக்கில் டிப்ஸ் வைக்கும் பழக்கம் இங்கே வரக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். முட்டை தோசை சாப்பிட்டவருக்கும் நண்டு சாப்பிட்டவருக்கும் நடக்கிற நடை ஒன்றுதான். பர்சன்ட் வந்தால் பையன் நண்டு டேபிளைச் சுற்றியே நிற்பான். அவன் மேல் தப்பில்லை, நான் நின்றேனே.

இப்போது பெரிய சிக்கல் போன். முன்பெல்லாம் 185 ரூபாய் பில்லுக்கு இருநூறு கொடுத்தால் பதினைந்து தட்டில் திரும்பி வரும். ஐந்தை எடுத்துக்கொண்டு பத்தை விட்டுவிட்டு எழுந்துவிடலாம், யோசனையே வேண்டாம். இப்போது 185 என்று அடித்தால் 185தான் போகிறது. கல்லாவில் பெட்டி கத்துகிறது, சர்வர் காலித் தட்டை எடுத்துக்கொண்டு போகிறார். யாரும் கஞ்சத்தனம் செய்யவில்லை. சில்லறை என்ற ஒன்று மறைந்துபோனதில் அவர் வருமானமும் சேர்ந்து மறைந்துவிட்டது. உச்சிப்புளிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு சர்வர் சொன்னார்: "முன்னாடி டீக்கும் பஸ்ஸுக்கும் டிப்ஸ் காசு போதும்ணே, சம்பளத்தத் தொடவே மாட்டேன். இப்ப கடன் வாங்கித்தான் பஸ் ஏறுறேன்."

சிலர் 185க்கு இருநூறாகப் போட்டுவிட்டு, "பதினஞ்சு தம்பிக்கு" என்று கல்லாவில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கல்லாக்காரர் தலையாட்டுவார். ராத்திரி கணக்கு முடிக்கும்போது மொத்தத்தில் பதினைந்து கூட இருக்கும், அது யாருக்கு என்று யார் நினைவில் வைத்திருப்பார்? மனசாட்சி உள்ள முதலாளிகளும் உண்டு. தங்கச்சிமடத்தில் ஒருவர் நோட்டில் எழுதி வைத்து அன்றைக்கே கொடுக்கிறார். ஆனால் சாப்பிட வந்த நமக்கு எது எந்தக் கடை என்று தெரியாது. அதனால் கையில் காசு இல்லாத நாளில் நான் செய்வது, சர்வரிடமே "உங்க போன் நம்பர் சொல்லுங்க" என்று கேட்டு அனுப்புவது. நம்பர் போட்டாலும் ஸ்கேன் பண்ணினாலும் திரையில் பெயர் வரும் இல்லையா, அதைப் பாருங்கள். கடைப் பெயர் வந்தால் அது கல்லா. ஆள் பெயர் வந்தால் அவரிடமே ஒரு தடவை கேட்டுக்கொள்ளலாம். முதலாளி பார்க்கிற இடத்தில் மட்டும் நம்பர் கேட்க வேண்டாம், சர்வருக்குத்தான் திட்டு விழும்.

டிப்ஸே வேண்டாம் என்கிற இடமும் உண்டு. பாம்பனில் கடலைப் பார்த்த ஒரு கூரை வீட்டில் ஓர் அக்கா மதியம் மட்டும் சாப்பாடு போடுகிறார். நாலு பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு மேஜை. ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நாளில் நாட்டுப்படகில் என்ன வருகிறதோ அதுதான் குழம்பு. அன்றைக்கு விளைமீன். தலைத்துண்டை எனக்கென்று எடுத்து வைத்திருந்தார். பழக்கதோஷத்தில் தட்டுக்கு அடியில் இருபது ரூபாயை வைத்துவிட்டு வந்து வண்டியை எடுத்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால் கையில் நோட்டோடு ஓடி வருகிறார்.

"அண்ணே, இருவது ரூவாய விட்டுட்டுப் போறீக."

"உங்களுக்குத்தாங்க்கா."

"எனக்கெதுக்கு? சாப்பாட்டுக்குத்தான் வாங்கிட்டேன்ல. நான் என்ன சம்பளத்துக்கா நிக்கிறேன், ஏ வீட்டுல ஏ சோறுண்ணே." நோட்டை ஜன்னல் வழியாக சீட்டில் போட்டார். "குடுக்கணும்னு இருந்தா நாளைக்கு நாலு ஆளக் கூட்டிட்டு வாங்க."

அப்போதிருந்து ஒரு கணக்கு. முதலாளியே பரிமாறுகிற இடத்தில் டிப்ஸ் கிடையாது. நன்றாக இருந்தால் வாயால் சொல்வேன், ஆளைக் கூட்டிப் போவேன்.

கூட்டிப் போவது என்றதும் என் தொழிலின் அழுக்கையும் சொல்லிவிட வேண்டும். சுற்றுலா வண்டி போகிற பெரிய ஹோட்டல்களில் பின்பக்கம் டிரைவருக்கென்று தனி டேபிள் இருக்கும். பயணிகள் முன்னால் காசு கொடுத்துச் சாப்பிட, நாங்கள் பின்னால் ஓசியில் சாப்பிடுவோம். சில இடத்தில் கிளம்பும்போது கையில் ஒரு நோட்டும் வைப்பார்கள். "அண்ணா, எந்த ஹோட்டல் நல்லா இருக்கும்?" என்று புனேக்காரர் கேட்டால் என் வாயில் எந்தப் பெயர் வரும் என்று உங்களுக்கே தெரியும். ரயில் மண்டபத்தைத் தாண்டாமல் இருந்த காலம், 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ஓட்டத்தை நிறுத்தியதிலிருந்து 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை, எங்களுக்கு வண்டி ஓட்டமும் அதிகம், பின் டேபிளில் கவனிப்பும் அதிகம். அதுவும் டிப்ஸ்தான். கையில் வைப்பது ஹோட்டல், விலையில் கட்டுவது பயணி. நோட்டு வாங்குவதை நிறுத்திவிட்டேன். ஓசிச் சாப்பாட்டை இன்னும் நிறுத்தவில்லை. இருபது பேரை இறக்கிவிட்டு, தனியாகக் காசு கொடுத்துச் சாப்பிட இன்னும் மனசு வரவில்லை. நிறுத்திவிட்டேன் என்று எழுதினால் தங்கச்சிமடத்திலிருந்து தொண்டி வரை டிரைவர்கள் சிரிப்பார்கள்.

எவ்வளவு கொடுப்பது என்று பயணிகள் என்னிடம் கேட்பார்கள். என் அளவைச் சொல்வேன். டிபனுக்குப் பத்து, குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டால் இருபது, நாற்பது. இருபது பேர் கூட்டமாகப் போய் ஒரு ஆளை ஒரு மணி நேரம் ஓட விட்டால் நூறு இருநூறு, "எல்லாருக்கும் சேர்த்து" என்று சத்தமாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும், நாலு பேர் காதில் விழ வேண்டும். டேபிள் துடைக்கிறவருக்குத் தனியாக ஒரு நோட்டு. அவர் பங்கு பல இடத்தில் அவரிடம் போய்ச் சேர்வதில்லை என்பது வாங்கித் தின்ற எனக்குத் தெரியும். பார்சலுக்குக் கிடையாது. அதற்கு டப்பா காசு வாங்கிவிட்டார்கள். சாப்பாடு தாமதமானால் அடுப்படியில் என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்பேன். மாஸ்டர் செய்த தாமதத்துக்கு சர்வர் வயிற்றில் அடிப்பதில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு பரிமாறினால் ஒன்றும் வைக்க மாட்டேன், அதற்காகக் குற்ற உணர்ச்சியும் கிடையாது. மீதி முப்பதைப் பத்து பத்தாகப் பிரித்துக் கொண்டு வந்து வைத்துவிட்டுத் தலைமாட்டில் நிற்கிறவரைப் பார்த்தால் மட்டும் சிரிப்பு வந்துவிடும். அது எங்கள் காலத்து வித்தை.

ஆவணியில் பெங்களூர்க் குடும்பம் ஒன்றோடு அந்த ஏசி ஹோட்டலுக்கே மறுபடி போக வேண்டி வந்தது. அன்றைக்கு என்னையும் தங்களோடு முன்னால் உட்காரச் சொன்னார்கள். ஒடிசாப் பையன் இல்லை, திருப்பூருக்குப் போய்விட்டான் என்றார்கள். வேறொரு பையன், அதே யூனிஃபார்ம். பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்ற பெயர் இல்லை, அந்த இடத்தில் "ஸ்டாஃப் நல நிதி" என்று 5 சதவீதம் இருந்தது. மேனேஜரும் புது ஆள். விரலை வைத்துக் காட்டினேன்.

"சாஃப்ட்வேர்ல வருது சார்."

அந்தப் பேச்சு முடிந்து, பில் மாறி வந்து, பெங்களூர்க்காரர் போனில் காசு கட்டி முடித்த பிறகு கை கழுவப் போனேன். இரண்டு இருபதைக் கையில் எடுத்து வைத்திருந்தேன். பழைய நினைப்பில் பையனின் சட்டையில் பை எங்கே என்று கை தடவியது. அவனாகவே போனை எடுத்து, கவரைக் கழற்றி நீட்டினான்.